கண்டிகோட்டாவா, பாதாமியா, ஸ்பித்தியா? வேலூரிலிருந்து பைக்கில் தனியாக, கூடாரத்தோடு கிளம்புகிறவர்களுக்கு

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெயிலூர் என்று நம்மை நாமே கிண்டல் செய்துகொள்கிற ஊர் இது. காய்ந்து கிடக்கும் பாலாற்று மணலும் மொட்டைப் பாறை மலைகளும் தினமும் பார்ப்பவைதான். ஆனாலும் பைக் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு மழைக்காலம் முடியும்போது ஒரே ஆசை வந்துவிடுகிறது: வறண்ட நிலம், ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு, அதன் விளிம்பில் ஒரு கூடாரம், துணைக்கு யாரும் வேண்டாம். "எங்க போலாம்ணா?" என்று கேட்கும்போதே அவர்கள் மனதில் மூன்று பெயர்கள் இருக்கும். ஆந்திராவின் கண்டிகோட்டா, வட கர்நாடகத்தின் பாதாமி, இமாசலத்தின் ஸ்பித்தி.

கண்டிகோட்டாவுக்கு விடிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். பாதாமிக்கு நடுவில் ஓர் இரவு தங்க வேண்டும். ஸ்பித்திக்கு அரை மாத லீவு வேண்டும். போட்டோவில் பார்த்தால் மூன்றும் சிவந்த பாறை, நீல வானம், கீழே கோடு போல ஆறு. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

பகலில் எல்லா இடமும் நல்ல இடம்தான். தனியாகப் போகிறவர், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே என்ன ஆகும் என்று பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நாலு பேராகப் போகும்போது இந்தக் கேள்வியே வராது. ஒருவர் கூடாரம் கட்டுவார், ஒருவர் தண்ணீருக்குப் போவார், ஒருவர் வண்டியைப் பார்த்துக்கொள்வார். தனியாளுக்கு மூன்று வேலையும் ஒருவருடையது.

ஆகவே முதல் கேள்வி, கூடாரம் அடிக்க முடியுமா, யாரும் வந்து எழுப்பிவிட மாட்டார்களா என்பது. அடுத்தது, வண்டி நின்றுவிட்டால் யார் வருவார்கள். பஞ்சர் கடை எவ்வளவு தூரத்தில், போன் எடுக்குமா, லாரியில் ஏற்றிவிட ஆள் கிடைக்குமா, எதுவுமே சரிப்படாவிட்டால் ரயில் ஏறி வீடு திரும்ப வழி உண்டா. மூன்றாவது தண்ணீரும் தட்பவெப்பமும். நான்காவதை யாரும் யோசிப்பதில்லை: பைக்கில் மூட்டை கட்டியபடி போய் இறங்கியதும், அந்த மூட்டையை யாரிடம் விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் பார்ப்பது? கோட்டைக்குள் இரண்டு மணி நேரம், குகைக்குள் ஒரு மணி நேரம் என்று நடக்கும்போது டென்ட்டும் பையும் வெளியே வண்டியில் தொங்கிக்கொண்டிருக்கும். பணமும் நாளும் கடைசியில் வந்தால் போதும், ஏனென்றால் மேலே சொன்ன நான்கும் அவற்றைத் தாமாகவே முடிவு செய்துவிடும்.

| | கண்டிகோட்டா | பாதாமி | ஸ்பித்தி |
|---|---|---|---|
| வேலூரிலிருந்து ஒரு வழித் தூரம் | 280–300 கி.மீ. | 650 கி.மீ. அளவில் | டெல்லிக்கே 2,000 கி.மீ.க்கு மேல் |
| குறைந்தபட்ச நாள் | 3 | 5 | 15 |
| ஏற்ற காலம் | டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை | நவம்பர் முதல் பிப்ரவரி வரை | ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை |
| கூடாரம் | விளிம்பை ஒட்டி வாடகைக்கும் கிடைக்கும் | கஷ்டம், லாட்ஜ்தான் | முடியும், குளிருக்கான சாமான் வேண்டும் |
| வண்டி நின்றால் | 15 கி.மீ.யில் ஊர் | ஊருக்குள்ளேயே ஆள் | ஒரு நாள்கூடக் காத்திருக்கலாம் |
| எந்த வண்டி | ஓடுகிற எந்த வண்டியும் | 150 சிசி இருந்தால் நல்லது | உயரமான, பழகிய வண்டி |
| முக்கியமான ஆபத்து | விளிம்பு, வெயில் | களைப்பு, குரங்கு | உயரம், குளிர், ஓடைகள் |

## கண்டிகோட்டா

முதல் தடவை தனியாகப் போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். நிறைய எழுத வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

பாதை நேரானது. காட்பாடி வழியாகச் சித்தூர், அங்கிருந்து பீலேறு, ராயசோட்டி, கடப்பா. ராணிப்பேட்டையில் முடிகிற 40ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் சித்தூரைத் தொட்டு இந்த ஊர்கள் வழியாகக் கர்னூல் வரை போகிறது. கடப்பாவிலிருந்து எர்ரகுண்ட்லா பக்கமாக ஜம்மலமடுகு; அங்கிருந்து 15 கிலோமீட்டரில் கண்டிகோட்டா. காலை ஐந்து மணிக்குக் காட்பாடி மேம்பாலம் தாண்டினால் நிறுத்தி நிறுத்திப் போனாலும் மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்குள் சேர்ந்துவிடலாம். ஜனவரியில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். இடம் பார்த்து, கூடாரம் கட்டி, தண்ணீர் பிடித்து, இருட்டுவதற்குள் சாப்பிடவும் நேரம் கிடைப்பது மூன்று இடங்களில் இங்கே மட்டும்தான்.

பெட்ரோலைக் காட்பாடியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆந்திராவில் விலை கூட என்பது எல்லை தாண்டி வேலைக்குப் போய்வருகிற எவருக்கும் தெரியும். சித்தூர் வரை தமிழிலேயே சமாளிக்கலாம். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான், அந்த வாசனை இன்னும் போகவில்லை. பீலேறுக்கு அப்புறம் தெலுங்கு. குடியாத்தம், காட்பாடிப் பக்கத்துக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. மற்றவர்களுக்கும் பங்க், பஞ்சர், டீ எல்லாம் எங்கேயும் ஒன்றுதான்.

ராயசோட்டிக்கும் கடப்பாவுக்கும் நடுவில் குவ்வலசெருவு மலைப்பாதை வருகிறது. வளைவுகளில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். முந்தலாமா என்று கை துறுதுறுக்கும் இடம் அதுதான், முந்தாதீர்கள். அங்கே ரோட்டோரத்தில் விற்கும் பால்கோவா பேர்போனது. வண்டியை ஓரங்கட்டி அதைத் தின்றுவிட்டு, லாரிகள் போன பிறகு ஏறலாம்.

கடப்பா தாண்டியதும் நிலம் மாறிவிடும். நம் வீட்டுச் சமையலறை மேடையிலும் பரணிலும் போட்டிருக்கும் கடப்பா கல் எங்கிருந்து வருகிறது என்பது அப்போது புரியும். குகைக்குப் பேர்போன பெலும் பக்கம் போனால் வயலுக்கு வேலியே அந்தக் கல் பலகைகள்தான், முள்வேலி போட வேண்டிய இடத்தில் ஆளுயரப் பலகைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பார்கள். எர்ரகுண்ட்லாவைச் சுற்றி சிமென்ட் ஆலைகள். லாரித் தூசு முகத்தில் அடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்க ஈரத்துணி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பள்ளத்தாக்கை அறுத்தது பெண்ணாறு, நாம் வடபெண்ணை என்று படித்த ஆறு. பாலாறு தோன்றுகிற அதே நந்தி மலைப் பக்கத்தில்தான் இதுவும் தோன்றுகிறது. எர்ரமலைத் தொடரை வெட்டிக்கொண்டு போகும் இடத்தில் இரண்டு பக்கமும் செங்குத்தாக 300 அடி அளவுக்குச் சுவர் எழும்பி நிற்கிறது. மேலே கோட்டை. உள்ளே மாதவராய சுவாமி கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, தானியக் களஞ்சியம். பெம்மசானி நாயக்கர்களிடமிருந்து கோல்கொண்டாவின் மீர் ஜும்லா இதைப் பிடித்தார். பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே 1652இல் அவரை இங்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி இரவு. கோட்டைக்குள் இருப்பவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், அவற்றுக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது. வெளியே விளிம்பை ஒட்டிய இடங்களில் உள்ளூர்ப் பையன்களே டென்ட் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா ஓட்டலும் பக்கத்திலேயே இருக்கிறது. தனியாளுக்கு என் யோசனை: சொந்தக் கூடாரம் கொண்டுபோங்கள், ஆனால் அதை அந்தப் பையன்களின் டென்ட்டுகளுக்கு அருகே, அவர்களிடம் கேட்டு, இடத்துக்கு ஏதாவது கொடுத்துவிட்டு அடியுங்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கும். ராத்திரி வயிறு சரியில்லை, பாம்பு வந்தது என்றால் அந்த வித்தியாசம் தெரியும். மறுநாள் மூட்டையை விட்டுவிட்டுக் கோட்டைக்குள் நடக்கவும் அவர்களே துணை.

அந்தப் பாறை குவார்ட்சைட் வகை. நிலவியல்காரர்கள் அதற்கே கண்டிகோட்டா குவார்ட்சைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுத்தியலால் அடித்தாலும் கூடாரத்தோடு வருகிற அலுமினிய முளை கொக்கிபோல வளையுமே தவிர இறங்காது. முளை இல்லாமலே கம்பியில் நிற்கிற வகைக் கூடாரமாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு மூலைக் கயிறுகளையும் தலையணை அளவுக் கற்களில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். கல்லைப் புரட்டும்போது முதலில் காலால் தள்ளுங்கள், அடியில் தேள் இருக்கலாம். ராத்திரியில் பள்ளத்திலிருந்து காற்று மேலே ஏறி அடிக்கும். உள்ளே ஆள் இல்லாத கூடாரம் பறந்துபோக ஐந்து நிமிடம் போதும், அதனால் சாப்பிடப் போகும்போது மூட்டைகளை உள்ளே போட்டுவிட்டுப் போங்கள். விளிம்பிலிருந்து குறைந்தது முப்பது அடியாவது தள்ளியே படுங்கள். பாறை கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது, பெரும்பாலான இடங்களில் கைப்பிடிச் சுவரும் இல்லை. ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறவருக்கு டார்ச் தலைமாட்டில் இருக்க வேண்டும். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போட வேண்டும்.

கீழே மைலவரம் அணையின் நீர் பச்சையாகத் தெரியும்போது இறங்கிக் குளிக்கலாம் என்று தோன்றும். நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் தனியாக இறங்காதீர்கள்.

வண்டி மக்கர் செய்தால் ஜம்மலமடுகிலும் புரொத்துட்டூரிலும் மெக்கானிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மருத்துவமனையும் அங்கேதான். ஒன்றுமே முடியாவிட்டால் எர்ரகுண்ட்லா, முத்தனூரு ஸ்டேஷன்கள் சென்னை–மும்பை ரயில் பாதையில் இருக்கின்றன. ரேணிகுண்டா வந்து காட்பாடிக்கு மாறிவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இதை முதலில் வைக்கிறேன்.

சொல்லாமல் வருகிற செலவுகள்: மூன்றாம் நாள் பெலும் குகைக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. அது கண்டிகோட்டாவிலிருந்து 60 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மொத்த நீளம் 3,229 மீட்டர், அதில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. போய்வரும் சுற்றையும் சேர்த்தால் மொத்தம் 700 கிலோமீட்டரைத் தாண்டும், லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டிக்கு 16 லிட்டர். குகைக்குள் புழுக்கம் தாங்காது. வெளியே வண்டியில் மூட்டை. வாசலில் டீக்கடைக்காரரிடம் இரண்டு டீ குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுதான் நடைமுறை. பணம், போன், ஆர்.சி. புத்தகம் மட்டும் உடம்போடு இருக்கட்டும். சனி, ஞாயிறில் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் கூட்டம் வந்து இறங்கும். டென்ட் வாடகை ஏறும், விளிம்பில் ஸ்பீக்கர் அலறும். தனிமை தேடிப் போகிறவர் வார நாளில் லீவு போட வேண்டும். அந்த லீவுக்கான சம்பளத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது வேண்டாம்? மார்ச் பாதிக்கு மேல் வேண்டவே வேண்டாம். ராயலசீமா வெயில் நம் கத்திரி வெயிலுக்கு இளைத்ததில்லை, அங்கே நிழலும் இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை புயல் சின்னம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதை நாம் பார்த்தோம். அதே மழையில்தான் கடப்பா மாவட்டத்தில் செய்யேறு மேல் இருந்த அன்னமய்யா அணை உடைந்தது. எப்போதும் வறண்டு கிடக்கிற நிலத்தில் மழை பெய்தால் தரைப்பாலங்கள்தான் முதலில் முழுகும்.

## பாதாமி

பாறை அழகு என்று பார்த்தால் பாதாமி கண்டிகோட்டாவுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. சிவந்த மணற்கல் குன்றுகள் இரண்டு, நடுவில் அகத்தியர் ஏரி, குன்றில் குடைந்த நான்கு குகைகள், ஆறாம் நூற்றாண்டில் தொடங்கிய சாளுக்கியர் வேலை. தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. இதுதான் வாதாபி. 642 வாக்கில் நரசிம்மவர்ம பல்லவன் இந்த ஊரைப் பிடித்ததைச் சொல்லும் கல்வெட்டு இங்கேயே பாறையில் இருக்கிறது.

ஆனால் கேட்டது கூடாரம். குகைகளும் கோயில்களும் இருக்கும் பகுதி முழுவதும் தொல்லியல் துறையின் கையில். மீதி இடம் ஊர், வயல், புதர்க்காடு. வெட்டவெளியில் படுத்தால் யாராவது வந்து விசாரிப்பார்கள், அது நியாயமும்கூட. அப்புறம் குரங்குகள். பாதாமிக் குரங்குகளுக்குக் கூச்சம் கிடையாது. பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை, திறக்க வராவிட்டால் கிழிக்கத் தெரிந்தவை. துணிக்கூடாரத்துக்குள் பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டுக் குகை பார்க்கப் போனால் திரும்பி வரும்போது பிஸ்கட்டும் இருக்காது, கூடாரமும் இருக்காது. கடைசியில் லாட்ஜில் அறை எடுப்பீர்கள், தூக்கிக்கொண்டு போன கூடாரம் சும்மாவே வீடு திரும்பும்.

பாதை சுகம். வேலூரைத் தொட்டுக்கொண்டு போகிற அதே 48ஆம் எண் நெடுஞ்சாலை பெங்களூர், துமகூரு, சித்ரதுர்கா வரை கூட வரும், பிறகு ஹொசபேட்டை பக்கம் திரும்ப வேண்டும். டோல்கேட்டில் பைக்குக்குக் காசில்லை. பெங்களூரைக் காலை ஏழு மணிக்குள் தாண்டாவிட்டால் அந்த ஊர் டிராபிக்கிலேயே பாதி நாள் போய்விடும். ஒரே நாளில் 650 கிலோமீட்டர் அடிக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தனியாளாக வேண்டாம். முதுகைவிட, மதியம் மூன்று மணிக்குக் கண் சொக்குவதுதான் பயம், பின்சீட்டில் தட்டி எழுப்ப ஆள் கிடையாது. ஹம்பியில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் பாதாமி போவதுதான் சரி. ஹம்பியிலும் பாறைகளுக்கு நடுவே கூடாரம் அடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அது 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம், தவிர அந்தக் குன்றுகளில் சிறுத்தையும் கரடியும் உண்டு.

கோயில், சிற்பம், வரலாறு என்று உருகுபவர்களுக்கு, அறை எடுத்துத் தங்கத் தயங்காதவர்களுக்குப் பாதாமி முதல் இடம். கூடாரத்துக்காகவே கிளம்புபவர்களுக்கு மூன்றிலும் இதுதான் கடைசி.

## ஸ்பித்தி

நிஜமான பாலைவனம் வேண்டும் என்றால் இந்த மூன்றில் அது ஒன்றுதான். இமயத்தின் மழை மறைவுப் பகுதி. புல் பூண்டு இல்லாத மலைகளுக்கு நடுவே ஸ்பித்தி ஆறு அறுத்த பள்ளத்தாக்கு, மேட்டில் வெள்ளை மடாலயங்கள். தாபோ மடாலயம் 996இல் கட்டப்பட்டது, இன்னும் பூசை நடக்கிறது.

முதல் முடிவு, வண்டியை என்ன செய்வது. டெல்லி வரை ஓட்டிப்போனால் மலை ஏறும் முன்பே நாலைந்து நாளும் பின் டயரும் காலி. ரயிலில் அனுப்பலாம். பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை நகல்களோடு பார்சல் ஆபீசில் கொடுக்க வேண்டும். சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டுகிறவர்கள் வாசலிலேயே இருப்பார்கள், கூலியைப் பேசிவிட்டே கட்டச் சொல்லுங்கள். காட்பாடியில் நிற்கிற டெல்லி ரயில் உண்டுதான். ஆனால் அது நிற்கும் சில நிமிடத்துக்குள் பைக் ஏறுமா என்று நகம் கடிப்பதைவிட, டெல்லிக்கு வேறு ரயில்கள் புறப்படும் சென்னை சென்ட்ரலில் போடுவது மேல். டிக்கெட்டோடு லக்கேஜாகப் போட்டால் நீங்கள் போகும் ரயிலிலேயே வர வாய்ப்பு அதிகம். தனிப் பார்சல் என்றால் எப்போது வருகிறதோ அப்போதுதான். இரண்டு நாள் டெல்லியில் லாட்ஜ் போட்டுக் காத்திருக்கும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். சண்டிகரிலோ மணாலியிலோ வாடகைக்கு எடுப்பது இன்னொரு வழி. பணம் அதிகம்போலத் தெரியும், எல்லாம் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. குறை என்னவென்றால் பழகாத வண்டி. அதன் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பதை ஓடைக்கு நடுவில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது முடிவு, எந்தப் பக்கமாக ஏறுவது. தனியாளுக்குச் சந்தேகமே இல்லை, சிம்லா பக்கம். சிம்லா 2,200 மீட்டர், கல்பா 2,900 மீட்டருக்கு மேல், தாபோ 3,200க்கு மேல், காஸா 3,600க்கு மேல் என்று படிப்படியாக ஏறும். உடம்பு பழகும். மணாலியிலிருந்து ஏறினால் 2,000 மீட்டரில் தூங்கி எழுந்து அன்றைக்கே 4,500 மீட்டரைத் தாண்டுகிற குன்சும் கணவாயில் நிற்பீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து. கூட ஆள் இருந்தால், "நீ உளறுகிறாய், இறங்கு" என்று சொல்வார். தனியாளுக்கு மூளை மந்தமாவது தனக்கே தெரியாது. ஸ்பித்தியைத் தனியாகப் போகலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட எனக்கு மனசு வராததற்கு இதுதான் காரணம்.

வண்டிக்கும் மூச்சு வாங்கும். குன்சும் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்கூட இல்லை. 100 சிசி வண்டி மூட்டையோடு முதல் கியரில் முனகும், கார்புரேட்டர் வண்டி கூடுதலாகவே. கணவாயின் மணாலிப் பக்கப் பாதையில் பனி உருகி வரும் ஓடைகள் ரோட்டைக் குறுக்கே வெட்டும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும். காலை எட்டு மணிக்கு முழங்காலுக்குக் கீழே இருந்தது மதியம் வண்டியை இழுக்கும். அங்கே விழுந்தால் தூக்கிவிட அடுத்த வண்டி வர வேண்டும். பெட்ரோல் பங்க் காஸாவில் இருக்கிறது. அங்கே கண்டிப்பாக நிரப்பிக்கொள்ள வேண்டும். போன் சிக்னல் ஊர்களில் கிடைக்கும், நடுவில் எதிர்பார்க்க வேண்டாம்.

கூடாரத்துக்கு இடம் தாராளம். சந்திரதால் ஏரிக்கரையிலேயே அடிக்கத் தடை, சில கிலோமீட்டர் தள்ளி உள்ள முகாம்களில்தான் தங்க வேண்டும். ஆனால் நம் ஊர்க் கூடாரமும் பெட்ஷீட்டும் அங்கே ஆகாது. வேலூரில் ஜனவரிக் குளிர் என்று மப்ளர் சுற்றிக்கொள்கிறோமே, அது அங்கே ஆகஸ்ட் மதியம். பூஜ்யத்துக்குத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்கத் தடித்த மேட், நீர் புகாத கையுறை என்று வாங்கினால் வண்டியை அனுப்பும் செலவைவிட அதிகம் ஆகும். ஊர் திரும்பிய பிறகு அந்தச் சாமான்களுக்குப் பரண்தான்.

மலையில் ஏற்கெனவே ஓட்டிப் பழகியவர், அரை மாத லீவு கிடைப்பவர், தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்ய முடியாவிட்டாலும் வீட்டில் பதறாதவர், இந்த மூன்றும் பொருந்தினால் ஸ்பித்திக்கு ஈடு எதுவும் இல்லை. கூடாரத்தை இரண்டு மூன்று இரவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரவுகளில் கிராமத்து வீடுகளில் தங்கினால் இன்னும் நல்லது. ராத்திரியில் பக்கத்து அறையில் ஆள் இருப்பார்கள்.

## எந்த வண்டி, என்ன சாமான்

இதற்காகப் புதிதாகப் பெரிய பைக் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கண்டிகோட்டாவுக்கு வேண்டாம். தினமும் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வருகிற வண்டியே போதும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சர்வீஸ் விட்டுவிடுங்கள், முதல் நாள் விடாதீர்கள். கழற்றி மாட்டிய வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால் அந்த ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். கூடவே கிளட்ச் கேபிள் ஒன்று, ஆக்ஸிலேட்டர் கேபிள் ஒன்று, கம்பி வீல் என்றால் டியூப் ஒன்று, டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட், கைப்பம்பு, சாவிக்கு இன்னொரு சாவி. அந்தச் சாவி பேன்ட் பாக்கெட்டில் இருக்க வேண்டும், வண்டிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கக் கூடாது.

மூட்டையை உயரமாகக் கட்டாதீர்கள். கனமானது கீழே, சீட்டை ஒட்டி. கொக்கிக் கயிற்றின் முனை தொங்கி வீலில் சிக்காமல் முடிச்சுப் போட்டு உள்ளே செருகுங்கள். தண்ணீர் குறைந்தது ஐந்து லிட்டர், ஒரே கேனில் வேண்டாம், இரண்டாகப் பிரித்து. சாப்பாட்டுக்கு அடுப்பெல்லாம் தூக்கிப்போய் அலைய வேண்டியதில்லை, முதல் நாளைக்கு வீட்டுப் புளிசாதம், அதற்கப்புறம் ஊருக்கு ஊர் ராகி சங்கட்டியும் காரம் தடவிய தோசையும் கிடைக்கும்.

## ஒத்திகைக்கு

ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுப் பழகலாமே என்ற யோசனை நல்லதாகத் தெரியும். காவலூர் வானாய்வகம் அங்கே இருப்பதால் வானம் இருட்டாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் சாலையை விட்டு இறங்கினால் பெரும்பாலும் காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது. வீட்டு மொட்டை மாடி போதும். அங்கேயும் முளை இறங்காது, கண்டிகோட்டாவிலும் இறங்காது. செங்கல்லில் கயிறு கட்டி, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மட்டும் கூடாரத்தைக் கட்டவும் பிரிக்கவும் வருகிறதா என்று பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தால் கிளம்பலாம்.

நாள் பார்க்கும்போது பொங்கலை ஒட்டிய நான்கு நாளை விட்டுவிடுங்கள். ஆந்திராவில் சங்கராந்திக்கு மெக்கானிக் கடை, ஓட்டல் எல்லாம் ஷட்டர் இறக்கிவிடும், ரோடு முழுக்க ஊருக்குப் போகிற கார்களாக இருக்கும். அதற்கடுத்த வாரம் செவ்வாய் காலை கிளம்பி வியாழன் ராத்திரி திரும்புவது தோது, விளிம்பில் கூட்டமே இருக்காது. செவ்வாய்க்கிழமை பயணம் கிளம்பக் கூடாது என்று வீட்டில் சொன்னால் புதன் கிளம்பி வெள்ளி திரும்புங்கள், சனிக்கிழமைக் கூட்டம் வந்து சேர்வதற்குள் நீங்கள் காட்பாடி வந்திருப்பீர்கள்.